பதில்: போலீஸ் பிடித்துப்போய் இரண்டு நாளாகியும் அண்ணனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தவில்லை, வக்கீலுக்குப் பணமில்லை, ஐ.நா.வுக்கு எழுதலாமா?

முதலில் ஐ.நா.வை விடுங்க, நேரம் போயிடும். ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1979-இல் ஏற்றது. ஆனால் தனிநபர் புகாருக்கு வழிவிடும் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு உங்க மனுவை எடுக்க முடியாது.

கையில் இருப்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு: பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். நீங்க திருநெல்வேலி என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றீங்களே, 15100-க்கு அடிங்க. இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இன்றே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்க: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் கூட்டிப்போனாங்க என்று. முன்பெல்லாம் இதற்குத் தந்திதான். 2013-இல் அதை நிறுத்திட்டாங்க. எப்படியானாலும் நேரம் பதிவாவதுதான் முக்கியம். பிறகு கைது குறிப்பாணையில் (கைதான தேதி, நேரம் எழுதும் தாள்) உங்களைக் கையெழுத்து போடச் சொல்வாங்க. அதில் இன்றைய தேதி இருந்தால் அப்படியே போட்டுடாதீங்க. காவல் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறிப்பாணையைக் கட்டாயமாக்கியதே நேரத்தை மாற்றி எழுதக்கூடாது என்பதற்கும்தான்.

முதலில் சொன்ன ஐ.நா. உடன்படிக்கை வெறும் காகிதம் என்று இதே கேள்விக்கு இன்னொருத்தர் எழுதியிருக்கார். முழுக்க அப்படியில்லை. ஒடிசாவில் காவலில் மகனை இழந்த தாய் நீலாபதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். அதையே மனுவாக எடுத்து, 1993-இல் ஒன்றரை லட்சம் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். தீர்ப்பில் அந்த உடன்படிக்கையின் 9-வது பிரிவும் (சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அதில் இருக்கு) வருது. உங்க வக்கீலிடம் சொல்லுங்க, பின்னாடி இழப்பீடு கேட்கும்போது உதவும்.