எண் பட்டை இல்லாத காருக்கு யார் பொறுப்பு? கோலாலம்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (செந்தூல் வாசகர்): எங்கள் கடைவரிசைக்கு முன்னால் உள்ள கட்டண நிறுத்துமிடங்களில், பக்கத்துப் பட்டறைக்காரர் எண் பட்டை கழற்றிய மூன்று கார்களை மாதக்கணக்கில் விட்டு வைத்திருக்கிறார். ஐந்து நிமிடம் தாமதித்த எங்கள் வாடிக்கையாளருக்கு அபராதம் வருகிறது. அந்தக் கார்களை யாரும் தொடுவதில்லையே, ஏன்?

பதில்: இதற்கு அதிகாரிகளின் பாராமுகம் மட்டுமே காரணமன்று. கோலாலம்பூரில் நிறுத்தக் கட்டணம் கைப்பேசிச் செயலிக்கு மாறிய பிறகு, கட்டணம் கட்டப்பட்டதா என்று சரிபார்ப்பதும் அபராத நோட்டீஸ் எழுதுவதும் வாகன எண்ணை வைத்தே நடக்கின்றன. எண் இல்லாத காருக்கு நோட்டீஸ் எழுதினால் அது யார் வீட்டுக்கும் போய்ச் சேராது. முன்பெல்லாம் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாலை வரி வில்லையிலும் வாகன எண் இருக்கும். பட்டையைக் கழற்றியவர் அதைக் கிழிக்க மறந்திருப்பார். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்கள் அந்த வில்லையை ஒட்டத் தேவையில்லை என்றானதால், அந்தத் துப்பும் போய்விட்டது.

இப்போது எஞ்சியிருப்பது சேசிஸ் எண், அதாவது தயாரிக்கும்போதே காரில் பதிக்கப்படும் அடையாள எண். பெரும்பாலான கார்களில் அது இலக்கங்களும் எழுத்துகளும் சேர்ந்து மொத்தம் 17 குறிகள் கொண்டது. பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் வெளியிலிருந்தே படிக்கலாம். 1, 0 ஆகிய எண்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. அவ்வாறு தெரிந்தால் நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அந்த எண்ணையும், தேதியுடன் கூடிய படங்களையும், நிறுத்துமிடத்தின் சரியான இடக்குறிப்பையும் சேர்த்து மாநகர் மன்றத்தில் புகார் செய்யுங்கள். தொழில் உரிமம் வழங்குவதும் அதே மன்றம்தான் என்பதால், பொது இடத்தைப் பட்டறையாக்கியிருப்பதைத் தனிப் புகாராக எழுதுவது என் அனுபவத்தில் விரைவாக வேலை செய்கிறது. கார் திருடப்பட்டது என்ற ஐயம் இருந்தால் முதலில் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களே காரைத் தள்ளி அப்புறப்படுத்தாதீர்கள்.

கேள்வி (கெப்போங் வாசகி): காலமான அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா கார் வீட்டுக்கு வெளியே நிற்கிறது. சம்மன் வரக்கூடாது என்று அண்ணன் எண் பட்டைகளைக் கழற்றிவிட்டார். இது சரியா?

பதில்: சரியன்று. பட்டையைக் கழற்றினால் உரிமை கழன்றுவிடாது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் அந்தக் கார் இன்னும் உங்கள் தந்தையின் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு வாசல் என்றாலும் வேலிக்கு வெளியே உள்ள சாலை பொதுச் சாலையே. கேட்பாரற்ற வாகனம் என்று அதிகாரிகள் அறிவிப்பு ஒட்டி, இழுவை லோரியில் ஏற்றிச் செல்ல அதுவே போதும். காரை வேலிக்குள் கொண்டு வாருங்கள். வாரிசுகள் மரபுரிமைப் பத்திரங்களைப் பெற்றுப் பெயர் மாற்றம் செய்யுங்கள், அல்லது பதிவை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். பழைய இரும்புக்காரரிடம் விற்றாலும் பதிவு ரத்தாகாமல் விற்காதீர்கள்.

கேள்வி (செராஸ் வாசகர்): எங்கள் காண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) விருந்தினர் நிறுத்துமிடத்தில் நின்ற என் காரின் சக்கரத்தை நிர்வாகம் பூட்டிவிட்டு 400 ரிங்கிட் கேட்கிறது. அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: பூட்டவும் இழுக்கவும் உண்டு, அந்தத் தொகையைக் கேட்க இல்லை. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளின்படி, முறையின்றி நிறுத்திய வாகனத்தை உரிமையாளர் செலவில் இழுத்துச் செல்லலாம். ஆனால் நிர்வாகம் விதிக்கும் கட்டணம் 200 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. இழுவை நிறுவனத்தின் கட்டணம் இருந்தால் அது தனி. ஆகவே தொகையைப் பிரித்துக் காட்டும் ரசீதை எழுத்தில் கேளுங்கள். இழுக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பாகாது என்பதும் அதே விதியில் உள்ளது. இது குடியிருப்பாளருக்கு அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (பங்சார் வாசகர்): அடைமழையில் முன்பக்கப் பட்டை கழன்று போய்விட்டது. புதியது போடும்வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள். யாராவது உங்கள் எண்ணை வேறொரு காரில் மாட்டிக் குற்றம் செய்தால் அந்தப் புகார்தான் உங்களுக்கு அரண். பிறகு கிராண்டை (வாகனப் பதிவுச் சான்றிதழை) காட்டிப் புதிய பட்டை வாங்குங்கள். அலங்கார எழுத்தில் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது இன்னொரு சம்மனுக்கு வழி.