777 போட்டும் ஜெல்லிஃபினுக்குப் படம் தெரியவில்லையே?

கேள்வி: பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லார் போனிலும் எடுக்கிற போட்டோ, வீடியோவை சின்க்திங் இழுத்துவந்து யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் சேர்க்கிறது. அது என் பெயரில்தான் ஓடுகிறது. டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் போட்டேன். அதற்கு ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது. மொத்த ஃபோல்டருக்கும் சிஎச்மோட் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தும் பலனில்லை. ஜெல்லிஃபினை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகவே ஓட்டிவிடலாமா? வேண்டாத வீடியோக்களை டிவியிலிருந்தே அழிக்கவும் வழி வேண்டும்.

பதில்: ரூட்டாக ஓட்ட வேண்டாம். 777-ஐயும் திரும்ப எடுத்துவிடுவோம். கோளாறு அந்த ஃபோல்டரில் இல்லை, அதற்குப் போகும் வழியில் இருக்கிறது.

நீங்கள் உங்கள் லாகினில் நுழைந்து பார்க்கிறீர்கள், எல்லாம் தெரிகிறது. ஜெல்லிஃபின் பார்ப்பது வேறு ஆளாக. அதை நிறுவும்போதே 'ஜெல்லிஃபின்' என்ற பெயரில் தனி யூசர் ஒன்று உருவாகிவிடும். பின்னணியில் ஓடும் சேவைகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே சோதனையையும் அந்த யூசராக நின்றுதான் செய்ய வேண்டும். சூடோவுக்குப் பின் மைனஸ் யு, அடுத்து ஜெல்லிஃபின், அடுத்து எல்எஸ், கடைசியில் ஃபோல்டரின் முழுப் பாதை. அனுமதி இல்லை என்று பதில் வந்தால், அடைப்பு எந்த இடத்தில் என்று 'நேம்ஐ' கட்டளை காட்டும். மைனஸ் எல் சேர்த்து அதே பாதையைக் கொடுத்தால் பாதையின் தொடக்கத்திலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளர், குரூப், அனுமதி மூன்றையும் வரிவரியாகப் போடும்.

அதில் மீடியா டைரக்டரிக்கு அடுத்து உங்கள் லாகின் பெயரில் உள்ள வரியைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் டிஸ்க்கைச் செருகியதும் அது தானாக மவுன்ட் ஆகும், அதாவது ஃபோல்டராக வந்து இணையும், இடம் அதுதான். உரிமையாளர் ரூட், 'மற்றவர்' என்பதற்கான கடைசி மூன்று இடங்களும் வெறும் கோடாக இருக்கும். அதே டைரக்டரியை எல்எஸ் மைனஸ் எல்டி கொடுத்துப் பார்த்தால் அனுமதி வரிசையின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரியும். ஏசிஎல் என்ற கூடுதல் பட்டியல் அங்கே இருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்துவைத்து என்ன பயன்? பாதையில் வரும் ஒவ்வொரு டைரக்டரியிலும் நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ், இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

அந்த ஏசிஎல்லில் ஜெல்லிஃபினையும் சேர்க்கலாம்தான். ஆனால் அது டெஸ்க்டாப்புக்கான ஏற்பாடு. நீங்கள் லாகின் செய்யாவிட்டால் டிஸ்க்கே மவுன்ட் ஆகாது. சர்வர் டிஸ்க்குக்கு நிலையான இடம் வேண்டும். எஸ்ஆர்வி டைரக்டரிக்குள் 'படம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்து அங்கே மவுன்ட் செய்யுங்கள். யூயூஐடியை பிஎல்கேஐடி கட்டளை சொல்லும். ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றியிருக்கும் நாளில் லேப்டாப் முழுதாக பூட் ஆகாமல் பாதியில் முரண்டு பிடிக்கும். டிஸ்க் இல்லாமல் பூட் ஆனால் போட்டோவெல்லாம் அழிந்துவிட்டதாக சின்க்திங் நினைத்துக்கொள்ளாதா என்ற பயம் வேண்டாம். தன் அடையாள ஃபோல்டரைக் காணாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும். பாதை மாறுவதால் சின்க்திங்கில் அந்த ஃபோல்டரை நீக்கி, அதே ஐடியோடு புதுப் பாதையில் மறுபடி சேர்க்க வேண்டும். நீக்கும்போது படங்கள் அழியாது.

இனி அனுமதி. 'மீடியா' என்று ஒரு குரூப் உண்டாக்கி ஜெல்லிஃபினை அதில் சேருங்கள். யூசர்மோட் கட்டளையில் மைனஸ் ஏஜி என்று போட வேண்டும். அந்த 'ஏ' விட்டுப்போனால் ஜெல்லிஃபின் ஏற்கெனவே இருக்கும் வீடியோ, ரெண்டர் போன்ற குரூப்களிலிருந்து தூக்கப்பட்டு, கிராஃபிக்ஸ் சிப் வழியாக நடக்கும் டிரான்ஸ்கோடிங், அதாவது வீடியோ வடிவ மாற்றம், படுத்துவிடும். எதனால் என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போகும். சேர்த்ததும் ஜெல்லிஃபினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்குப் புதுக் குரூப் தெரியாது.

அடுத்து சிஎச்ஓன் கட்டளையால் மொத்த ஃபோல்டரையும் நீங்கள் உரிமையாளராக, மீடியா குரூப்பாக மாற்றுங்கள். பிறகு 777-ஐச் சுத்தம் செய்ய வேண்டும். சிஎச்மோடில், சாதாரண ஃபைல்களை விட்டு டைரக்டரிகளுக்கு எக்ஸ் தரும் பெரிய எக்ஸ் (X) போட்டு ஒரே கட்டளையில் முடிக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். இங்கே அது எடுபடாது. 777 போட்டதில் எல்லா ஃபைலுக்கும் எக்ஸ் வந்துவிட்டது, பெரிய எக்ஸ் அதை அப்படியே விட்டுவிடும். ஃபைண்ட் கட்டளையால் இரண்டையும் பிரித்து, டைரக்டரிகளுக்கு 2750, ஃபைல்களுக்கு 640 கொடுங்கள். கடைசி மூன்று இலக்கங்கள் உரிமையாளர், குரூப், மற்றவர் என்ற வரிசையில் வரும்; ஒவ்வொன்றும் படிக்க 4, எழுத 2, நுழைய 1 என்பவற்றின் கூட்டல். முன்னால் நிற்கும் அந்த 2-தான் செட்ஜிஐடி: இனி உள்ளே உருவாகும் ஒவ்வொன்றும் தானாக மீடியா குரூப்பில் விழும். வேறிடத்தில் உருவாகி, அதே டிஸ்க்குக்குள் எம்வி கட்டளையால் நகர்த்தப்பட்டவை மட்டும் பழைய குரூப்போடு வரும்.

குரூப் சரியாக வந்தாலும் புது ஃபைலின் அனுமதியைத் தீர்மானிப்பது அதை உருவாக்கும் சேவையின் யூமாஸ்க், அதாவது எந்த அனுமதிகளைத் தரக்கூடாது என்று சொல்லும் எண். சின்க்திங்கின் சர்வீஸ் ஃபைலை சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாகத் திறந்து, சர்வீஸ் பகுதியில் யூமாஸ்க் 0027 என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தால் புது வரவுகளும் 640-ஆகவே இறங்கும்.

இவ்வளவும் டிஸ்க் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டில் இருந்தால். எக்ஸ்ஃபேட் என்றால் சிஎச்மோட், சிஎச்ஓன் எதுவும் ஒட்டாது; லினக்ஸ் அனுமதிகளைக் குறித்துவைக்க அந்த ஃபார்மேட்டில் இடமே இல்லை. அப்போது எஃப்எஸ்டேப் வரியிலேயே உங்கள் யூஐடி (யூசர் எண்), மீடியா குரூப்பின் ஜிஐடி (குரூப் எண்), டைரக்டரிகளுக்கு டிமாஸ்க் 027, ஃபைல்களுக்கு எஃப்மாஸ்க் 137 என்று கொடுத்துவிட்டால் அதே பலன் கிடைக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டும் வழக்கம் இல்லையென்றால் இஎக்ஸ்டி4-க்கு மாறுவதே நல்லது. ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள்.

டிவியிலிருந்து அழிப்பது பற்றி. ஒரு ஃபைலை அழிக்கத் தேவைப்படுவது அந்த ஃபைலின் மேல் எழுதும் அனுமதி அன்று, அது இருக்கும் டைரக்டரியின் மேல் எழுதும் அனுமதி. டைரக்டரிகளை 2770 ஆக்கி, யூமாஸ்க்கை 0007 ஆக்கினால் ஜெல்லிஃபினால் அழிக்க முடியும். நான் செய்யமாட்டேன். போனிலும் சர்வரிலும் சின்க்திங் 'அனுப்பும், பெறும்' முறையில் இருந்தால் டிவி ரிமோட்டில் ஒரு குழந்தை அழிக்கும் வீடியோ போனிலிருந்தும் போய்விடும். ஜெல்லிஃபின் தன் தகவல்களைத் தனக்கென உள்ள இடத்தில் வைத்துக்கொள்கிறது. நீங்களாக அமைப்பை மாற்றாதவரை படங்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய வேலை அதற்கு இல்லை. எப்படியும் அழிக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் போன்களில் அந்த ஃபோல்டரை 'அனுப்ப மட்டும்' என்று மாற்றிவிட்டு 2770-க்குப் போங்கள்.