பி.எட். படிக்கவா, எம்.எஸ்.டபிள்யூ. படிக்கவா?

கேள்வி: பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் தன்னார்வலராக இருந்தேன். அதிலிருந்து பள்ளிச் சமூகப் பணியாளராக வேண்டும் என்று ஆசை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேர்கிறேன் என்றால், "சேவை சோறு போடாது, பி.எட். படி" என்கிறார் அப்பா. இதெல்லாம் ஒரு வேலையா மேடம்? என்னால் முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அப்பா கேட்பதில் தப்பே இல்லை. முதலில் சோற்றுக் கணக்கையே பேசிவிடுவோம். ஆசிரியர் பணியிடம் போல, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு நிரந்தரச் சமூகப் பணியாளர் என்று நம் மாநிலத்தில் கிடையாது. தொண்டு நிறுவனங்களிலும் சில தனியார் பள்ளிகளிலும் வேலை இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சமூகப் பணியாளர் போன்ற பணிகள் உண்டு. ஆனால் ஒப்பந்தம், தொகுப்பூதியம்தான். முதல் சில வருடங்கள் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். இதை வீட்டில் மறைக்காதீர்கள்.

இது ஒரு வேலையா என்கிறீர்கள். நான் போய்வந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். மாதத்தில் மூன்று நான்கு நாள் வர மாட்டாள். "பொறுப்பில்லாத பிள்ளை" என்று பெயர் வாங்கியிருந்தாள். வருகைப் பதிவேட்டில் ஆறு மாதத்தையும் வரிசையாகப் பார்த்தேன். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை அந்த விடுப்பு வந்தது. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளே சொன்னாள். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மற்ற பெண்களுக்குத் தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். இவள் வருட நடுவில் வந்து சேர்ந்தவள். கதவைப் பிடிக்க ஆள் இல்லை.

தாழ்ப்பாள் வாங்கி மாட்ட எனக்கு அரை நாள் போதும். கை பரபரத்தது, ஆனால் செய்யவில்லை. அவள் பெயரை இழுக்காமல் அந்த வகுப்புப் பெண்களோடு உட்கார்ந்து பேசினேன். எந்தக் கதவில் என்ன குறை என்று அவர்களே எண்ணி எழுதினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து அதை வாசித்தார்கள். ஒருத்தியின் கையில் தாள் நடுங்கியது. தாழ்ப்பாள் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் இவளுக்குக் கதவைப் பிடிக்க இரண்டு பேர் கிடைத்தார்கள். அப்புறம் குடிநீர்க் குழாய் கெட்டபோது யாரும் என்னைத் தேடவில்லை, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடப் படிப்பு, பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். சென்னை எழும்பூரில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் பெயர் பெற்ற பழைய கல்லூரி. உங்களுக்குப் பக்கத்தில் மதுரையிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. கல்லூரியின் பெயரைவிடக் களப்பணியைப் பாருங்கள். எங்கே அனுப்புகிறார்கள், பேராசிரியர் அங்கே வந்து பார்க்கிறாரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

இன்னொன்று. "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று ஒரு பிள்ளை கையைப் பிடித்துக்கொள்ளும். சரி என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். "உன் பாதுகாப்புக்குத் தேவையானால் சிலரிடம் சொல்லுவேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதல் நாளே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

உங்களால் முடியுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சில நாள் ராத்திரித் தூக்கம் வராது. மனசில் இருப்பதைக் கொட்ட அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் தாங்கலாம். விண்ணப்பம் போடுமுன் பள்ளிகளில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். ஒரு நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.