தொட விடலன்னு ஒரு கோவம்

அன்புள்ள அக்கா,
ஜனவரில குடும்பத்தோட அமெரிக்கால, டாம்பாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்துல கிறிஸ்டல் ரிவர்ங்கிற ஊர்ல, மானட்டின்னு தண்ணிக்குள்ள வாழுற ஒரு பெரிய பிராணியோட நீச்சல் அடிக்கலாம்னு கூட்டிட்டுப் போனாங்க. அவ்ளோ காசு வாங்கிட்டும் கைடு தொடவே விடல, 9 வயசுப் பையன் அழுதுட்டான். அடுத்த வருசம் அம்மாவையும் (65 வயசு) அந்தத் தண்ணில இறக்கலாமா? மானட்டிக்குத் தமிழ்ல என்ன பேரு?
- செல்லூர் வாசகர்

தம்பி,
கடல் பசுன்னே சொல்லிக்கலாம். அம்மாவ டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கூட்டிட்டுப் போங்க. ஆனா அந்த "காசு வாங்கிட்டும்"ங்கிறத என்னால முழுங்க முடியல.

நீங்க காசு குடுத்தது படகுக்கும் அந்த ரப்பர் சட்டைக்கும்யா. மானட்டி என்ன உங்களப் பாக்கவா அங்க வந்துச்சு? குளிர்காலத்துல கடல் சில்லுன்னு ஆயிரும், தண்ணி 20 டிகிரிக்குக் கீழ போயி அப்படியே கிடந்தா அதுக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி செத்தே போகும், பாக்கத்தான் அம்புட்டுப் பெருசு, குளிரத் தாங்குற கொழுப்பு கிடையாது. கிறிஸ்டல் ரிவர்ல ஊத்துத் தண்ணி வருசம் பூரா 22 டிகிரி, அதான் உசுரப் புடிச்சுக்கிட்டு அங்க வந்து ஒதுங்குது. காய்ச்சல்காரன் கம்பளிக்குள்ள சுருண்டு கிடக்கான், அவன எழுப்பித் தடவிப் பாப்பீங்களா? நாலு பேரு சுத்தி நின்னு கையப் போட்டா அது மெரண்டு குளிருக்குள்ள போயிரும், கைடு கறாரா இருந்தது அதுக்குத்தான். முதுகுல வெள்ளை வெள்ளையாத் தழும்பு பாத்திருப்பீங்களே, படகு விசிறி வெட்டுனது அது, அந்தத் தழும்ப வெச்சுத்தான் இது இன்னதுன்னு ஒவ்வொன்னையும் அடையாளம் வெச்சிருக்காங்க. மனுசன் தொட்டது போதாதா?

நான் தொட்டிருக்கேன் தம்பி. மானட்டிய இல்ல, நம்ம ஊரு கடல் பசு ஆவுளியாவ. மானட்டிக்கு வாலு பனையோல விசிறி மாதிரி வட்டமா இருக்கும், ஆவுளியாவுக்குத் திமிங்கலம் மாதிரி ரெண்டாப் பிரியும், மத்தபடி ஒன்னுக்கொன்னு சொந்தம்தான். எனக்கு 11 வயசு, லீவுக்குத் தொண்டில அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன், காலைல கரையில ஒரே கூட்டம். ஒரு ஆவுளியா வலையில மாட்டிருக்கு, மேல வந்து மூச்சு விட முடியாமப் போயிருச்சு. ஓடிப்போயி கைய வெச்சேன். மூஞ்சில தொடப்பக்குச்சி மாதிரி மொரட்டு முடி, வாய் ஓரத்துல பாதி மென்ன கடல்புல்லு அப்படியே இருக்கு. அத்தை அதோட கையத் தூக்கிக் காட்டுச்சு, அக்குள்ல காம்பு, பால் கசியுது. "பால் குடுக்குற தாய்டி"ன்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள கூறு போட்டுட்டாங்க. ரொம்ப நாள் சோத்துல கை வெச்சா அந்தத் தோலு ஞாபகம்தான் வரும்.

இப்போ நெலம மாறியிருக்கு. 2022ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரமா 448 சதுர கிலோமீட்டர ஆவுளியாவுக்குன்னே காப்பகமா அறிவிச்சிட்டாங்க. மாட்டுனா மீனவங்களே வலைய அறுத்து விடுறாங்க, ஒரு வலை என்ன வெலன்னு தெரியுமா உங்களுக்கு? மதுரைலருந்து அரை நாள் பயணத்துல அது மேஞ்சிட்டு இருக்கு, அதோட சொந்தத்துக்குத் தமிழ்ல என்ன பேருன்னு டாம்பா போயிட்டு வந்து என்னையக் கேக்குறீங்க. பேரச் சொல்லிட்டேன், பையனுக்கும் சொல்லிக் குடுங்க.

அப்படியே அவன்ட்ட ஒன்னு கேளுங்க, மானட்டி பக்கத்துல மேல வந்து மூச்சு விட்டப்போ என்ன சத்தம் கேட்டுச்சுன்னு. அவன் கையாலயே எனக்கு எழுதச் சொல்லுங்க. நான் பாத்த ஆவுளியா மூச்சு விட்டு நான் கேக்கல.