கண்ணில் அழற்சி, நெஞ்சுக்கு ஏன் சி.டி.? வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு மாதமாக இடது கண்ணில் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது, கரும்புள்ளிகள் வேறு மிதக்கின்றன. விழித்திரையில் அழற்சி என்றார்கள். அதோடு விடாமல் நெஞ்சுக்கு சி.டி., கையில் மான்டூ ஊசி, வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை என்று எழுதித் தந்தார் டாக்டர். வீட்டில் பூனை உண்டா, வாயில் அடிக்கடி புண் வருமா என்றும் கேட்டார். கண்ணைக் காட்டப் போனால் இதெல்லாம் எதற்கு? பணம் பிடுங்கவா?
(வாசகர், தேனி)

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் பூனையைப் பற்றிக் கேட்ட டாக்டரை விட்டுவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர்.

விழித்திரைக்குப் பின்னால் அதை ஒட்டியே கோராய்டு என்று ஒரு படலம் இருக்கிறது. முழுக்க ரத்த நாளங்கள். கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. அதனால் உடம்பில் எங்கோ இருக்கிற கிருமி ரத்தத்தோடு வந்து அங்கே தங்கலாம். கிருமியே இல்லாமல், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தத் திசுவையே எதிரி என்று நினைத்துத் தாக்கவும் செய்யலாம். இரண்டிலும் உங்களுக்குத் தெரிவது அதே மங்கல்தான், ஆனால் வைத்தியம் நேர் எதிர். முதலாவதற்குக் கிருமியைக் கொல்ல வேண்டும், இரண்டாவதற்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும். கிருமி உட்கார்ந்திருக்கிற கண்ணுக்கு வெறும் ஸ்டீராய்டைக் கொடுத்தால் முதல் வாரம் நன்றாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் பார்வை போய்விடும்.

சரி, எப்படிப் பிரிப்பது? பாதி விடை கண்ணைப் பார்க்கும்போதே கிடைத்துவிடும். பழைய கறுத்த தழும்பின் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு, அதுவும் பனிமூட்டத்தில் லாரி ஹெட்லைட் தெரிவது போலத் தெரிந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனையின் மலம், சரியாக வேகாத கறி, காய்ச்சாத தண்ணீர் வழியாக வருவது. பூனைக் கேள்வி அதற்குத்தான். நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்து பரவும் மஞ்சள் திட்டு என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்போம், இருமலே இல்லாவிட்டாலும். மான்டூவும் சி.டி.யும் அதற்காக. வாய்ப்புண் கேள்வி பெஹ்செட் என்ற நோய்க்காக, அது கிருமியால் வருவதில்லை, எதிர்ப்பு சக்தி ரத்த நாளங்களைத் தாக்குவது. இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கி, அதற்குச் சில நாள் முன்பு கடுமையான தலைவலி, காதில் இரைச்சல் இருந்திருந்தால் வி.கே.எச். என்று ஒரு நோய் உண்டு. அது கிருமி இல்லை, எதிர்ப்பு சக்தியின் வேலை, ஸ்டீராய்டு தாராளமாகக் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும்.

வி.டி.ஆர்.எல். எழுதினதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. சிஃபிலிஸ் கண்ணுக்குள் எந்த வேஷமும் போடும், பென்சிலினில் குணமாகிவிடும், அதனால் எல்லோருக்கும் எழுதுவதுதான் வழக்கம். உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகப்பட்டு இல்லை.

டெங்கு, சிக்குன்குனியா, ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சல் வந்துபோய் இரண்டு மூன்று வாரம் கழித்தும் விழித்திரையில் திட்டு வரலாம். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நிஜமாகவே அவசரமான ஒன்று உண்டு. அக்கி, சின்னம்மை, ஹெர்பிஸ் வைரஸ்கள் விழித்திரையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி நாளுக்கு நாள் அரித்துக்கொண்டு வரும். கண்ணின் முன்னறையிலிருந்து மெல்லிய ஊசியால் ஒரு துளி நீர் எடுத்து பி.சி.ஆர். பார்ப்போம், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டோம். மருந்தை அன்றைக்கே ஆரம்பித்தாக வேண்டும், விட்டால் அடுத்த கண்ணுக்கும் போகலாம்.

கேள்வி: கண்ணுக்கு ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி ரத்த நாளங்களைப் படமெடுப்பது) எடுத்தேன், சிறுநீர் மஞ்சளாகப் போய் பயந்துவிட்டேன். இப்போது இன்னொரு சாயம், பச்சை நிறத்தில், போட வேண்டும் என்கிறார்கள். ஒன்று போதாதா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மஞ்சள் ஒரு நாளில் போய்விடும், தண்ணீர் குடியுங்கள். அந்தச் சாயம், ஃபுளோரசின், விழித்திரையின் நாளங்களைக் காட்டும். அதற்குக் கீழே நிறமிப் படலம் திரை மாதிரி மறைப்பதால் கோராய்டு சரியாகத் தெரியாது. பச்சைச் சாயத்தை அகச்சிவப்பு ஒளியில் படமெடுப்பதால் திரையைத் தாண்டித் தெரியும். அதில் அயோடின் இருக்கிறது, ஒவ்வாமை இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி.க்கு ஊசியே கிடையாது, வெறும் ஒளிதான்.

கேள்வி: கண்ணில் அழற்சி வந்த தம்பிக்கு மான்டூ ஊசி போட்ட இடம் 20 மி.மீ. வீங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் காசநோய் மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?
(வாசகர், கரூர்)

பதில்: மான்டூவை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டில் ஏராளமானவர்கள் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கும் கை வீங்கும். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை குழந்தையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யால் ஏமாறாது என்றாலும் கிருமி தூங்குகிறதா விழித்துவிட்டதா என்று அதற்கும் தெரியாது. கோராய்டிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பதும் நடக்கிற காரியமில்லை. ஆகவே திட்டின் தோற்றம்தான் தீர்மானிக்கும். மேலே சொன்ன நெளிந்து பரவும் வகையாக இருந்து, மான்டூவும் பாசிட்டிவ், மற்ற காரணங்களும் இல்லை என்றால் நான் ஆரம்பிக்கச் சொல்வேன். தோற்றம் பொருந்தாமல் மான்டூ மட்டும் என்றால் இரண்டாவது டாக்டர் பக்கம். ஆரம்பித்த பின் முதல் சில வாரம் திட்டு பெரிதாகத் தெரிந்தால் பதறி மருந்தை நிறுத்த வேண்டாம், கிருமி சாகும்போது அப்படி நடப்பதுண்டு, டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மாத்திரைகளில் எதாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும், நிறங்கள் மங்கித் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. கண் அழற்சிக்கு ஒரு வருடமாக ஸ்டீராய்டு. குறைத்தால் மறுபடி மங்குகிறது. எல்லா பரிசோதனையும் நார்மல்.
(வாசகி, சேலம்)

பதில்: இந்த வயதில் முதல் தடவையாக வந்து, ஸ்டீராய்டுக்கு அடங்குவது போல அடங்கித் திரும்பத் திரும்ப வந்தால், அழற்சி வேஷத்தில் லிம்போமா என்ற புற்றுநோய் இருக்கலாம் என்று யோசித்தே ஆக வேண்டும். இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை எடுத்துப் பரிசோதிக்கலாமா, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் செல்கள் ஒளிந்துகொள்ளும் என்பதால், எடுப்பதற்கு முன் அதைக் குறைக்கச் சொல்வார்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.