புது ரிவால்வர் இறுகுது அண்ணே, என்ன செய்ய?

துப்பாக்கிக் கிளப் ஒன்றின் ஆயுதக் கிடங்கில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். புது ரிவால்வர் இறுகுவது பற்றி நம் தமிழ் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் வட்டாரத்தின் பெயரைப் போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டு மேசையில் போட்டுப் பிரித்துப் பார்க்க வழியில்லை. ரேஞ்சில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கண்ணும் விரலும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்போது இறுகுது? காலியாக இருக்கும்போதா, தோட்டா போட்ட பிறகா, சூடானதுமா, சிலிண்டரில் (தோட்டா போடும் சுழல் உருளை) ஒரே ஒரு அறையிலா (ஒரு தோட்டா உட்காரும் துளை)? இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஈசூன்: .357 மேக்னம், ஆறு தோட்டா. காலியாக இருந்தா சிலிண்டர் வழுக்கிக்கிட்டுச் சுத்துது. தோட்டா போட்டா ட்ரிகர் நகர மாட்டேங்குது. திருப்பிக் கொடுத்துடவா?

அவசரப்படாதீங்க தம்பி. காலியாக நன்றாகச் சுற்றினால் முதல் சந்தேகம் தோட்டா மேல்தான். ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் (அடியின் நடுவே இருக்கும், அடித்தால் பற்றும் சிறு வில்லை) அடித்தட்டோடு சமமாகவோ துளி உள்வாங்கியோ இருக்க வேண்டும். மயிரிழை துருத்தினாலும் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் தட்டில் உரசிப் பிடித்துக்கொள்ளும். அதே அறைகளில் .38 ஸ்பெஷல் தோட்டா நிறைய சுட்டீர்களா? அது நீளம் குறைவு. அது நிற்கும் இடத்துக்கு முன்னால் கரி ஒரு வளையமாகப் படியும். பிறகு .357 போட்டால் முழுசாக உள்ளே இறங்காமல் விளிம்பு தூக்கி நிற்கும். பித்தளை பிரஷ் போட்டு அறைகளைத் தேய்த்தால் தீர்ந்தது.

பிடோக்: முப்பது, நாப்பது ரவுண்டு சுட்டதும் இறுகுது. ஆறினா சரியாயிடுது.

சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்களுடையது 0.08-க்கும் கீழே இருந்தால், சூட்டில் உலோகம் விரியும்போதும் ஈயமும் கரியும் படியும்போதும் உரசத்தான் செய்யும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார். சிலிண்டர் முகத்தைத் துடைத்த பிறகும் திரும்பத் திரும்ப இறுகினால், அது உற்பத்திக் குறை. வாரண்டியில் கேளுங்கள், தயங்காதீர்கள்.

தெம்பனிஸ்: சிலிண்டரைத் திறக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கு அண்ணே.

இதே குறையோடு ஒரு தங்கச்சி என்னிடம் வந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வாங்கி இரண்டு வாரம். கட்டைவிரல் சிவக்கச் சிவக்கத் தள்ளியும் திறக்கவில்லை. எஜெக்டர் ராடின் (சுட்ட கேஸ்களை, அதாவது காலிப் பித்தளைக் கூடுகளை, வெளியே தள்ளும் கம்பி) முனையை விரலால் பிடித்துத் திருப்பினேன், தளர்ந்து ஆடியது. அது கழன்றால் முன்பக்கம் நீளும். நீண்டால் முன்னால் உள்ள பூட்டுக்குச்சியை அழுத்திக்கொண்டே இருக்கும், சிலிண்டர் திறக்காது. முனையை ஒட்டி ஒரு மெல்லிய தகட்டைச் செருகி அந்தக் குச்சியை உள்ளே தள்ளித்தான் திறந்தோம். பிறகு ஆறு அறையிலும் காலி கேஸ் போட்டேன். நட்சத்திரத்துக்கு (ராடின் பின்முனையில் கேஸ் விளிம்பைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகடு) பிடிமானம் இல்லாமல் திருகினால் அதன் வழிகாட்டி ஊசிகள் வளைந்துவிடும். ராடைத் தோல் துண்டால் சுற்றிப் பிடித்து, இடப்பக்கமாகத் திருகினேன். இன்றைய ஸ்மித்தில் மரை இடப்பக்கம், இதை மறந்து வலப்பக்கம் திருகி இன்னும் கழற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் சுற்றுதான், சிலிண்டர் 'டிக்' என்று திறந்தது. அந்தப் பிள்ளை முகத்தில் வந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. ரூகர் ஜிபி100 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் அமைப்பு வேறு.

ராட் கெட்டியாக இருந்தால் நட்சத்திரத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்று கிடந்தாலே போதும், திறப்பதும் மூடுவதும் கஷ்டமாகிவிடும். பழைய டூத் பிரஷ் போதும். அங்கே எண்ணெய் விடாதீர்கள், துகள் இன்னும் ஒட்டும்.

உட்லண்ட்ஸ்: ஆறில் ஒரு இடத்துல மட்டும் இறுகுது.

காலியாக வைத்துச் சுற்றிப் பார்த்து, இறுகும் அறைக்கு மார்க்கரில் புள்ளி வையுங்கள். எப்போதும் அதே அறை என்றால், நட்சத்திரத்தின் பல்லில் பிசிறு இருக்கலாம். சுற்றின் ஒரு பாதி லேசாகவும் மறுபாதி கனமாகவும் வந்தால் எஜெக்டர் ராட் வளைந்திருக்கலாம். சினிமாவில் வருகிற மாதிரி கையை உதறி சிலிண்டரை மூடும் பழக்கம் இருந்தால் கிரேனும் (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) கோணியிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஒரு கை தாங்க மறு கையால் மூடுங்கள். பல்லில் அரம் போடுவது ஆர்மரர் வேலை. நீங்கள் தொட்டால் வாரண்டியும் போகும், டைமிங்கும் (அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும் ஒழுங்கு) போகும்.

தோ பாயோ: சுட்டுக்கிட்டு இருக்கும்போதே மாட்டிக்கிச்சு. ஓங்கி இழுத்தா வந்துடுமா?

வேண்டவே வேண்டாம். முந்தின சுடுதலில் சத்தம் மந்தமாக, 'புஸ்' என்று வந்ததா? அப்படியென்றால் குண்டு குழலுக்குள் பாதி, சிலிண்டருக்குள் பாதி என்று குறுக்கே சிக்கியிருக்கலாம். சிலிண்டர் சுற்றாது, திறக்கவும் செய்யாது. சில வேளை குண்டு முழுசாகக் குழலுக்குள் போய் நின்றுவிடும், சிலிண்டர் வழக்கம்போல் சுற்றும். அப்போது அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். சத்தம் மாறினாலே நிறுத்துங்கள். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, முனையை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது 30 விநாடி பொறுங்கள். மறுகையைத் தூக்கி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை துப்பாக்கியைத் திருப்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

எடை குறைந்த ரிவால்வரில் கனமான தோட்டா சுட்டால் இன்னொன்றும் நடக்கும். உதைப்பில் அடுத்த அறைகளில் இருக்கும் குண்டுகள் கேஸிலிருந்து முன்னால் நகர்ந்து, முனை வெளியே நீட்டி, குழலில் முட்டி நிற்கும். அதற்கும் இதே நடைமுறைதான்.

சுவா சூ காங்: போலிஸ்ல தேசிய சேவை செஞ்சப்ப டாரஸ் அஞ்சு தோட்டா எனக்கு நல்லா வந்துச்சு. இப்ப கிளப்ல புதுசுல வேகமா சுட்டா ரெண்டாவது இழுப்பு பாறை மாதிரி நிக்குது.

ட்ரிகரை முழுசாக முன்னால் போக விடாமல் மறுபடி இழுக்கிறீர்கள். அது முன்னால் வந்து 'க்ளிக்' என்று உட்கார்ந்த பிறகே அடுத்த இழுப்பு. மருந்தும் பிரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டா போட்டு நூறு முறை மெதுவாகப் பழகுங்கள், கையும் பழகும், உள்ளே உரசும் முகங்களும் கொஞ்சம் வழவழப்பாகும். டபுள் ஆக்‌ஷனில் (ஒரே ட்ரிகர் இழுப்பு சுத்தியலைத் தூக்கிச் சுடும் முறை) ஐந்து கிலோ வரை கனம் வருவது புதுசுக்கு இயல்பு. கனம் குறைய ஸ்பிரிங் திருகாணியைத் தளர்த்தாதீர்கள். சுத்தியல் அடி பலவீனமாகி பிரைமர் வெடிக்காமல் போகும்.

பொங்கோல்: சிலிண்டர் திறந்திருக்கும்போது ட்ரிகர் அசையவே மாட்டேங்குது, பழுதா?

இல்லைம்மா, அது பாதுகாப்பு. மூடியும் அசையவில்லை என்றால் சாவிப் பூட்டு பாதி திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.