புதிய திரில் ரைட் பூங்கா வருகிறது என்றால் எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி இது: "எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய திரில் ரைட் பூங்கா வரப்போகிறதாம். ஆசியாவிலேயே உயரமான ரோலர் கோஸ்டர், இரண்டே ஆண்டில் திறப்பு என்று விளம்பரம். பக்கத்திலேயே மனையும் போட்டு விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?"

பூங்காவை நம்பி வாங்காதீர்கள். பூங்காவே வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பத்திரம் சுத்தம், தண்ணீர் இருக்கிறது, சாலை இருக்கிறது, அந்த விலைக்கு அந்த இடம் தகும் என்றால் வாங்கலாம். பூங்கா என்ற சொல்லுக்காக சதுர அடிக்கு ஏற்றி வைத்த பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

இப்படிச் சந்தேகப்படக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், தேம்ஸ் நதிக்கரையில், ஸ்வான்ஸ்கோம்ப் தீபகற்பம் என்று ஓர் இடம். பழைய சிமெண்ட் ஆலை நிலம். அங்கே ஹாலிவுட் பட நிறுவனமான பாரமவுண்ட் பெயரில் பிரம்மாண்டப் பூங்கா வரும் என்று 2012-ல் அறிவித்தார்கள். பிறகு அதற்கு லண்டன் ரிசார்ட் என்று பெயர் வந்தது. திறப்பு 2018 என்றார்கள், அப்புறம் தள்ளித் தள்ளி 2024 என்றார்கள். 2014-ல் அரசே அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்று வகைப்படுத்தியது. ஒரு வணிகப் பொழுதுபோக்குத் திட்டத்துக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது அதுவே முதல்முறை. 2017-ல் பாரமவுண்ட் விலகியது, 2019-ல் திரும்பி வந்தது. முறையான அனுமதி விண்ணப்பம் போனது 2020 டிசம்பர் கடைசியில். அறிவித்து எட்டு ஆண்டு கழித்து!

2021 மார்ச்சில் இரண்டு அடி விழுந்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அந்தத் தீபகற்பத்தைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட இடமாக அறிவித்தது. பிரிட்டனில் இரண்டே இரண்டு இடங்களில் காணப்படும் ஒரு தாவும் சிலந்தி அங்கே இருந்தது காரணங்களில் ஒன்று. அதே மாதத்தில், ஆற்றின் அக்கரையில் வாகன நிறுத்தத்துக்கும் படகுத்துறைக்கும் நம்பியிருந்த டில்பரி துறைமுகம் தடையற்ற வணிக மண்டலத்துக்குள் போனது, அதனால் படகுத்துறை ஏற்பாட்டையே மாற்ற வேண்டி வந்தது. 2022 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனை ஆண்டில் ஒரு ரைட் தூண்கூட அங்கே நிற்கவில்லை. அங்கிருந்த தொழிற்பேட்டைச் சிறு தொழில்காரர்கள்தான் பாவம். இடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்துவார்களா மாட்டார்களா என்று தெரியாமல், புது இயந்திரம் வாங்கவும் முடியாமல், வேறு இடம் பார்க்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கினார்கள். பூங்கா அறிவிப்பால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வரும் உண்மையான கஷ்டம் அதுதான்.

அதே நாட்டில் பெட்ஃபோர்டு அருகே, பூங்காக்கள் நடத்தும் யுனிவர்சல் நிறுவனம் செய்ததைப் பாருங்கள். 2023-ல் பழைய செங்கல் சூளை நிலம் 476 ஏக்கரை வாங்கினார்கள். பூங்கா உறுதி என்று சொன்னது 2025 ஏப்ரலில், அரசோடு பேசி முடித்த பிறகு. திறப்பு 2031 என்றார்கள். முதலில் நிலம், பிறகு அரசு, கடைசியில் விளம்பரம் என்ற வரிசை அது. பூங்கா நடத்திப் பழகியவர்களே அறிவிப்பிலிருந்து ஆறு ஆண்டு கேட்கிறார்கள். புதிதாக வருபவர் இரண்டு ஆண்டு என்கிறார் என்றால் முதல் சந்தேகம் அங்கேயே வரவேண்டும்.

ஏன் அவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். பெரிய ரோலர் கோஸ்டர் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. இன்டாமின், பி அண்ட் எம், வெகோமா, மாக், ஜாம்பெர்லா என்று உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய தயாரிப்பாளர்கள்தான். முன்பணம் கட்டி வரைபடம் முடிவானதிலிருந்து ரயில் ஓட, எல்லாம் சரியாகப் போனாலே ஒன்றரை இரண்டு ஆண்டு பிடிக்கும். அதுவும் மண் பரிசோதனை முடிந்து, ஒவ்வொரு தூணின் கீழும் எவ்வளவு சுமை இறங்கும் என்று தயாரிப்பாளர் கொடுத்த பிறகுதான் ஃபவுண்டேஷன் வரைபடமே போட முடியும். தூண் உட்காரும் ஆங்கர் போல்ட்டுகளை இரும்பு டெம்ப்ளேட்டில் (அளவுச் சட்டத்தில்) கட்டி, சர்வே கருவியில் மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்த்த பிறகே கான்கிரீட் ஊற்றுவார்கள். அது 28 நாள் பலம் ஏற வேண்டும். போல்ட் கொஞ்சம் விலகினாலும் மேலே டிராக் துண்டுகளை இணைக்கும் ஃபிளேஞ்சுகள் (விளிம்புத் தகடுகள்) ஒன்றோடொன்று பொருந்தாது, தொழிற்சாலையில் வளைத்த டிராக்கை அங்கே வந்து தட்டி நிமிர்த்தவும் முடியாது.

அதனால் விளம்பரதாரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ரைட் தயாரிப்பாளர் யார், ஆர்டர் போட்டாயிற்றா? பெயர் சொன்னால் அந்தத் தயாரிப்பாளரே தன் பங்குக்கு அறிவித்திருக்கிறாரா என்று பாருங்கள். "பேச்சு நடக்கிறது", "சர்வதேச நிறுவனம்" என்ற பதில் வந்தால் ஆர்டர் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் ஸ்கைபிளெக்ஸ் என்ற திட்டம் 2014-ல் வந்தது. ஒற்றைக் கோபுரத்தைச் சுற்றி இறங்கும் 570 அடி கோஸ்டர். உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதல்கூட 2015 டிசம்பரில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அது எழவே இல்லை. அனுமதி கிடைப்பது பாதி வேலைகூட இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம், என் சந்தேகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ரைட் பூங்காவில் முக்கியமான எண் உயரமோ வேகமோ அல்ல, மணிக்கு எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்பது. 24 பேர் உட்காரும் ரயில், 100 விநாடிக்கு ஒன்று கிளம்புகிறது என்றால் மணிக்கு 36 முறை, 864 பேர். அந்த 100 விநாடிக்குள் இறங்குபவர் இறங்கி, பையை எடுத்து, அடுத்தவர் பையை வைத்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, மடிமேல் பிடிக்கும் கம்பியான லாப் பாரை இறக்கி, பெல்ட் போட வேண்டும். இரண்டு ஊழியர்கள் ஒவ்வொரு பாரையும் கையால் இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியாக வேண்டும். ஒருவருக்குப் பெல்ட் எட்டவில்லை, அவரை இறக்கிவிட வேண்டும் என்றாலே 50 விநாடி போய்விடும். இடைவெளி 150 விநாடி ஆனால் மணிக்கு 24 முறை, 576 பேர். நடைமேடையில் இப்படி ஒவ்வொரு முறையும் தாமதமானால் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடுகிறது.

ரயிலைக் கூட்டி ஓட்டலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. டிராக்கைப் பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். முன்னால் போனது அடுத்த பிளாக்கைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவதைக் கணினி பிரேக் போட்டு நிறுத்திவிடும். மூன்று ரயில் ஓட குறைந்தது நான்கு பிளாக் வேண்டும். நடைமேடையில் தாமதமானால் பின்னால் வந்த ரயில் ஆட்களோடு வெயிலில் பிரேக்கில் நிற்கும்.

இந்த எண்ணைப் பூங்காவுக்குப் பொருத்துங்கள். ஆறு பெரிய ரைட், ஒவ்வொன்றும் சராசரி 800 பேர் என்றால் மணிக்கு 4,800. காலை 10 முதல் மாலை 6 வரை 38,400 சவாரி. விடுமுறை நாளில் 15,000 பேர் வந்தால் ஒருவருக்கு இரண்டரை சவாரி. ஒரு ரைட் பழுதானால் இரண்டைச் சற்றே தாண்டும். டிக்கெட்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து வந்தவர் நாள் முழுக்க வரிசையில் நின்று இரண்டு முறை ஏறிவிட்டுப் போனால் அடுத்த முறை வருவாரா?

அதோடு உயரக் கட்டுப்பாடு. பெரிய கோஸ்டர்களுக்கு 122 செ.மீ, 132 செ.மீ, சிலவற்றுக்கு 140 செ.மீ என்று குறைந்தபட்ச உயரம் வைப்பார்கள். நம் ஊரில் பூங்காவுக்குப் போவது தனி ஆள் அல்ல, குடும்பம். பாட்டி ஏறமாட்டார், அம்மாவுக்கு முதுகுவலி, சின்னவன் உயரம் 110 செ.மீ. ஐந்து டிக்கெட்டில் இரண்டு பேர்தான் ஏறுவார்கள். திரில் ரைட் மட்டுமே வைத்து நடத்தினால் மீதி மூவருக்கு அங்கே வேலை இல்லை. இந்தியாவில் நிலைத்து நிற்கும் பூங்காக்களில் தண்ணீர் விளையாட்டு பெரும்பங்கு வகிப்பது இதனால்தான். ஓர் அலைக்குளம் நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் வரிசையே இல்லாமல் வைத்துக்கொள்ளும், வயது வித்தியாசமும் பார்க்காது. திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லாவிலும் தண்ணீர் ரைட், குடும்ப ரைட், குழந்தை ரைட் எல்லாம் கலந்தே இருக்கின்றன. கொச்சியில் 2000 முதல் நடத்திவரும் அந்த நிறுவனமே, சென்னை நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளிக்கை வரி விவகாரம் தீர ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. முதலீடு 611 கோடி ரூபாய். உங்கள் ஊர் அறிவிப்பில் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிடுங்கள். இதைவிடக் குறைந்த பணத்தில் இதைவிடப் பெரிய ரைட் என்றால் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

"ஆசியாவிலேயே உயரமான" என்ற சொல்லும் எனக்குக் கவலைதான் தருகிறது. சாதனை ரைட்டுகள் அடிக்கடி நின்றுபோகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005-ல் திறந்த கிங்டா கா என்ற கோஸ்டர் 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கி.மீ வேகம். லேசான தூறலுக்கே ஓடாது. எண்ணெய் அழுத்தத்தால் ரயிலை ஏவும் ஹைட்ராலிக் முறையில் பழுதுகளும் அதிகம். 2024 நவம்பரில் மூடி, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒஹையோவில் டாப் திரில் 2 என்று புதுப்பித்து 2024 மே மாதம் திறந்த கோஸ்டர் சில நாட்களே ஓடியது. பெட்டிகளில் மாற்றம் தேவைப்பட்டு அந்த சீசன் முழுக்க நின்றது. அனுபவம் மிக்க பூங்காக்களுக்கே இந்த நிலை. நம் வெயில் வேறு இருக்கிறது. கோஸ்டர் சக்கரத்தில் அலுமினிய மையத்தைச் சுற்றிப் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். மேலே ஓடுவது, பக்கவாட்டில் அணைப்பது, டிராக்கின் அடியிலிருந்து பிடித்துக்கொள்வது என்று மூன்று வகைச் சக்கரம். சூட்டிலும் வேகத்திலும் பூச்சு இளகி மையத்தை விட்டுக் கழன்றுவிடலாம். மாற்றுச் சக்கரம் கப்பலில் வரும்வரை ரயில் ஷெட்டில்தான். கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. உதிரிபாகக் கிடங்கும், தினமும் விடியற்காலையில் டிராக்கில் ஏறிப் பார்க்கும் மெக்கானிக்குகளும், ஆண்டுக்கு ஒருமுறை அச்சுகளைக் கழற்றி விரிசல் பார்க்கும் சோதனையும் திட்டச் செலவில் இருக்கிறதா என்று யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

கட்டித் திறந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் ஹார்ட் ராக் பார்க் சுமார் 40 கோடி டாலரில் 2008-ல் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் வேறு பெயரில் ஒரு சீசன் நடத்திவிட்டு மூடினார்கள். முதல் ஆண்டில் எதிர்பார்த்த கூட்டம் வராவிட்டால் கடன்வட்டி கழுத்தைப் பிடிக்கும். தாக்குப்பிடிக்க இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான கையிருப்பு வேண்டும்.

உங்கள் இடத்தில் என்ன செய்வது? பூங்கா வரும் நிலத்தின் சர்வே எண் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடலாம். தந்தால் பட்டா யார் பெயரில் என்று இணையத்தில் பாருங்கள், வில்லங்கச் சான்று போடுங்கள். பல பேரின் துண்டு நிலமாக, வெறும் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் இருந்தால் பூங்கா தூரத்தில் இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தெரியும். நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, எந்த வங்கி கடன் பதிவு செய்திருக்கிறது என்பது கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கிடைக்கும். சில லட்சம் மூலதனமுள்ள நிறுவனம் நூற்றுக்கணக்கான கோடிக்குத் திட்டம் சொன்னால் அந்தப் பணம் இனிமேல்தான் தேடப்போகிறார்கள். ஒருவேளை உங்கள் மனைப்பணமே அதில் முதல் தவணையாக இருக்கலாம். மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணையும் ரேரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் தனியாகச் சரிபாருங்கள், பூங்காவின் அனுமதியை மனையின் அனுமதியாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் ஆசை விடவில்லை என்றால், முன்பணம் கொடுக்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இன்ன தேதிக்குள் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்காவிட்டால் முழுப் பணமும் வட்டியோடு திருப்பித் தரப்படும் என்று. எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்கினால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.